பெரிய டயர் பொருத்தினால் வாரண்டி ரத்தாகுமா? ஜீப் ரக வாகன உரிமையாளர்கள் அறிய வேண்டியவை

மலைப்பாதை, ஆற்றுப்படுகை, மணல்வெளி ஆகியவற்றில் செல்வதற்காக வாங்கப்படும் நான்கு சக்கர இயக்க வாகனங்களில், உரிமையாளர்கள் முதலில் மாற்ற விரும்புவது பெரும்பாலும் டயர்களைத்தான். மஹிந்திரா தார், மாருதி சுசுகி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா போன்ற வாகனங்களுக்குத் தொழிற்சாலை அளவைவிடப் பெரிய டயர்களைப் பொருத்தித் தரும் கடைகள் பல நகரங்களில் உள்ளன. தோற்றம் கம்பீரமாகிறது, தரையிலிருந்து வாகனத்தின் உயரமும் சற்றுக் கூடுகிறது. ஆனால் சில மாதங்கள் கழித்துச் சக்கர பேரிங்கோ டிரைவ் ஷாஃப்டோ பழுதாகும்போது, 'டயர் அளவு மாற்றப்பட்டுள்ளது, எனவே வாரண்டி பொருந்தாது' என்ற பதில் சேவை மையத்திலிருந்து வரக்கூடும்.

இந்தப் பதில் எப்போது சரி, எப்போது சரியல்ல? டயர் மாற்றம் வாகனத்தின் எந்தெந்த பாகங்களைப் பாதிக்கிறது? சட்டம் என்ன சொல்கிறது? இவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

அளவைப் படிப்பது எப்படி?

டயரின் பக்கச்சுவரில் 195/80 ஆர்15 என்பது போன்ற குறியீடு இருக்கும். முதல் எண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பதைக் காட்டுகிறது. இறுதி எண் ரிம்மின் விட்டம். அது அங்குலத்தில் தரப்படும்.

195/80 ஆர்15 என்பது ஜிம்னியின் தொழிற்சாலை அளவு. இதன்படி டயரின் மொத்த விட்டம் 693 மி.மீ. இதற்குப் பதிலாக 215/75 ஆர்15 பொருத்தினால் விட்டம் 703.5 மி.மீ. ஆகும், வேறுபாடு 1.5 சதவீதம் மட்டுமே. 235/75 ஆர்15 பொருத்தினால் விட்டம் 733.5 மி.மீ. ஆகிறது, வேறுபாடு 5.8 சதவீதம். கடையில் இவ்விரண்டும் 'ஒரு சுற்றுப் பெரிய டயர்' என்றே அழைக்கப்படலாம். ஆனால் வாகனத்தின் மீது அவை ஏற்படுத்தும் விளைவுகள் ஒன்றல்ல.

உற்பத்தியாளரே ஒரே மாடலுக்கு இரு அளவுகளை வழங்குவதும் உண்டு. 2020-இல் அறிமுகமான தார் வாகனத்தின் ஒரு வகை 245/75 ஆர்16 டயர்களுடனும், மற்றொரு வகை 255/65 ஆர்18 டயர்களுடனும் விற்கப்பட்டது. இவற்றின் விட்ட வேறுபாடு சுமார் 15 மி.மீ., அதாவது 2 சதவீதத்துக்கும் குறைவு. இரண்டும் நிறுவனம் சோதித்து ஒப்புதல் பெற்ற அளவுகள் என்பதே இங்கு முக்கியமானது.

ஸ்பீடோமீட்டரும் ஓடோமீட்டரும்

வேகமும் தூரமும் சக்கரம் எத்தனை முறை சுழல்கிறது என்பதைக் கொண்டே கணக்கிடப்படுகின்றன. டயர் பெரிதானால் ஒரு சுழற்சியில் வாகனம் கூடுதல் தூரம் செல்லும். கருவிக்கு அது தெரியாது. 5.8 சதவீதம் பெரிய டயருடன் செல்லும் வாகனத்தில், கருவியின் கணக்கு மணிக்கு 100 கி.மீ. என்றால் உண்மையான வேகம் ஏறத்தாழ 106 கி.மீ. ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாக ஒருபோதும் காட்டக்கூடாது என்பது ஐ.நா.வின் 39-ஆம் எண் வாகன ஒழுங்குவிதியின் அடிப்படை. உற்பத்தியாளர்கள் கருவியைச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படி அமைப்பதன் காரணமும் இதுவே. பெரிய டயர் அந்தப் பாதுகாப்பு இடைவெளியைக் குறைக்கிறது. சில நேரங்களில் இல்லாமலே செய்துவிடுகிறது.

ஓடோமீட்டரும் இதே விகிதத்தில் குறைத்துக் காட்டும். தொடக்கம் முதலே அத்தகைய டயருடன் ஓடிய வாகனம் 1,00,000 கி.மீ. என்று காட்டும்போது, உண்மையில் அது சுமார் 1,05,800 கி.மீ. ஓடியிருக்கும். எண்ணெய் மாற்றும் கால இடைவெளியும், கிலோமீட்டர் அடிப்படையிலான வாரண்டி வரம்பும், மறுவிற்பனையின்போது வாங்குபவர் நம்பும் எண்ணும் இதனால் பிழையாகின்றன.

மைலேஜ் குறைந்துவிட்டது என்ற புகாரின் ஒரு பகுதியும் இக்கணக்குப் பிழையே. லிட்டருக்கு உண்மையில் 12 கி.மீ. தரும் வாகனம், ஓடோமீட்டர் கணக்கில் 11.3 கி.மீ. தருவதாகத் தோன்றும். கூடுதல் எடையாலும் அகலத்தாலும் ஏற்படும் உண்மையான இழப்பு இதற்கு மேல் தனி.

எந்த பாகங்கள் சுமையைத் தாங்குகின்றன?

டயரின் விட்டம் கூடும்போது, எஞ்சினின் அதே முறுக்குவிசையில் சக்கரம் தரையைத் தள்ளும் விசை குறைகிறது. மேற்சொன்ன எடுத்துக்காட்டில் இந்தக் குறைவு ஏறத்தாழ 5.5 சதவீதம். 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொண்ட ஜிம்னி போன்ற சிறிய எஞ்சின் வாகனத்தில் இது ஏற்றங்களில் உணரப்படும். ஓட்டுநர் கிளட்சைக் கூடுதலாகப் பயன்படுத்துவார். கிளட்ச் விரைவில் தேயும்.

அடுத்தது எடை. டயரும் ரிம்மும் சஸ்பென்ஷனின் ஸ்பிரிங்குகளுக்குக் கீழே இருப்பவை. அவற்றின் எடை கூடினால் ஒவ்வொரு குழியிலும் ஷாக் அப்சார்பர், பால் ஜாயிண்ட், சக்கர பேரிங், ஸ்டியரிங் இணைப்புகள் ஆகியவை கூடுதல் அடியைத் தாங்க வேண்டும். கனமான சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். தார், ஜிம்னி ஆகியவற்றில் உபரி சக்கரம் பின்கதவில் தொங்குவதால், அதன் எடை கூடினால் கதவின் கீல்களும் தளரக்கூடும்.

மூன்றாவது ரிம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகலத்தை டயர் நிறுவனங்கள் வரையறுத்துள்ளன. ஜிம்னியின் ரிம் அகலம் 5.5 அங்குலம், 235/75 ஆர்15 டயருக்குப் பொதுவாகக் குறைந்தது 6 அங்குலம் தேவை. எனவே டயரை மாற்றுபவர் ரிம்மையும் மாற்ற நேர்கிறது. புதிய ரிம் சக்கரத்தை வெளிப்பக்கமாகத் தள்ளி நிறுத்தினால், நெம்புகோல் போல பேரிங்கின் மீதான பளு கூடுகிறது. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது டயர் உட்பகுதியில் உரசினால், அடுத்ததாக சஸ்பென்ஷனையும் உயர்த்த வேண்டியதாகிறது. ஒரு மாற்றம் இன்னொன்றைக் கேட்கும் இந்தச் சங்கிலிதான் பல வாரண்டி தகராறுகளின் தொடக்கம்.

நான்கு சக்கர இயக்கத்தில் மற்றுமோர் எச்சரிக்கை உண்டு. முன், பின் டயர்களின் விட்டம் வேறுபட்டால் இயக்கப் பகிர்வுப் பெட்டியில் தேவையற்ற இறுக்கம் ஏற்படும். ஆகவே, மாற்றுவதானால் உபரி டயர் உட்பட ஐந்தையும் ஒரே அளவில் மாற்றுவதே முறை.

வாரண்டி முழுவதும் ரத்தாகுமா?

பொதுவாக வாரண்டி ஏட்டில் மூன்று விதிவிலக்குகள் இடம்பெறும். ஒன்று, அங்கீகரிக்கப்படாத மாற்றங்களால் ஏற்படும் பழுது. இரண்டு, பந்தயம் அல்லது போட்டியில் பயன்படுத்தியதால் ஏற்படும் பழுது. மூன்று, டயரும் பேட்டரியும்; இவற்றுக்கான வாரண்டியை அவற்றைத் தயாரித்த நிறுவனங்களே தனியாக வழங்குகின்றன.

முதல் விதிவிலக்கை எவ்வாறு பொருள்கொள்வது என்பதே வழக்கமான சர்ச்சை. பழுதான பாகத்துக்கும் டயர் அளவுக்கும் உள்ள தொடர்பே நியாயமான அளவுகோல். பெரிய டயர் பொருத்திய வாகனத்தில் சக்கர பேரிங், டிரைவ் ஷாஃப்ட், பால் ஜாயிண்ட், கிளட்ச் போன்றவை பழுதானால், நிறுவனத்தின் மறுப்புக்குத் தொழில்நுட்ப அடிப்படை உண்டு. ஆனால் குளிர்சாதனக் கருவியோ, கண்ணாடி ஏற்றும் மோட்டாரோ, தொடுதிரையோ பழுதாகும்போது டயரைக் காரணம் காட்டுவதற்கு அத்தகைய அடிப்படை இல்லை.

அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மாக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் இவ்வகைத் தகராறுகளில் நுகர்வோருக்குத் துணை நிற்கிறது. இந்தியாவில் அதற்கு நிகரான தனிச்சட்டம் இல்லை. எனினும் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த உத்தரவு கவனிக்கத்தக்கது. வெளிப் பணிமனையில் பழுது பார்த்தார் என்பதற்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் ஒட்டுமொத்த நிபந்தனையை விதிக்கக்கூடாது என்றும், தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் ஆணையம் கூறியது. அந்த உத்தரவு உதிரிபாகம், பழுதுபார்ப்புச் சந்தை ஆகியவை தொடர்பானது. டயர் அளவு பற்றியதன்று. அதன் மீது மேல்முறையீடுகளும் நடந்தன. ஆயினும், சேதத்துக்கும் காரணத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்க்க வேண்டும் என்ற கோட்பாட்டை நுகர்வோர் தமது வாதத்தில் எடுத்துரைக்கலாம்.

சட்டத்தின் மற்றொரு முகம்

வாரண்டி என்பது வாங்கியவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உடன்பாடு. மோட்டார் வாகனச் சட்டம் அதிலிருந்து வேறானது. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது. வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே 'மாற்றம்' என்று அப்பிரிவின் விளக்கம் வரையறுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில், நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு 2019 ஜனவரி 9 அன்று அளித்த தீர்ப்பில், உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புகளுக்கு மாறாக வாகனத்தை மாற்ற முடியாது என்று கூறியது.

சட்டம் அனுமதிக்காத வகையில் வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 182ஏ(4) பிரிவு வழிசெய்கிறது. ஒப்புதல் பெற்ற அளவுக்குள் டயர் மாற்றுவதும், சக்கர வளைவைத் தாண்டி நீளும் டயருக்காக உடற்பகுதியை வெட்டி சஸ்பென்ஷனை உயர்த்துவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றாகக் கருதப்பட மாட்டா.

காப்பீட்டிலும் இதே கவனம் தேவை. மாற்றத்தைத் தெரிவிக்காமல் இருந்தால், விபத்துக்குப் பின் சொந்தச் சேத இழப்பீட்டில் சிக்கல் எழலாம். மாற்றத்துக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிப்பது நல்லது.

மாற்றுவதற்கு முன்

* வாகனக் கையேட்டிலும், ஓட்டுநர் கதவருகே உள்ள ஒட்டுத்தாளிலும் உள்ள டயர் அளவுகளைப் பார்க்கவும்.
* வேறு அளவு தேவையெனில், அதைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்பி, எழுத்தில் பதில் பெறவும். 'ஒன்றும் ஆகாது' என்று விற்பனையாளர் வாய்மொழியாகச் சொல்வது உற்பத்தியாளரைக் கட்டுப்படுத்தும் என்று நம்ப இயலாது.
* புதிய டயரின் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழையவற்றைவிடக் குறையக்கூடாது. எடுத்துக்காட்டாக, 96 என்ற சுமைக் குறியீடு ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பதையும், 'எஸ்' என்ற வேகக் குறியீடு மணிக்கு 180 கி.மீ. வரையான திறனையும் காட்டுகிறது.
* ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதா என்று பார்க்கவும். தயாரிப்புத் தேதியைக் குறிக்கும் நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.
* அளவு குறிப்பிடப்பட்ட ரசீதைப் பெற்றுப் பாதுகாக்கவும்.

பெரும்பாலானோருக்கு அளவை மாற்றாமலேயே தீர்வு உண்டு. சேற்றிலும் கல்லிலும் பிடிப்பைத் தருவது பெரும்பாலும் டயரின் பூ வடிவமும் காற்றழுத்தமுமே. தொழிற்சாலை அளவிலேயே கிடைக்கும் ஆல்-டெரெய்ன் வகை டயர்கள், அளவு குறித்த வாரண்டி சர்ச்சையைத் தவிர்க்கின்றன. 235/75 ஆர்15 டயர் தரும் கூடுதல் உயரம் விட்ட வேறுபாட்டில் பாதி, அதாவது 20 மி.மீ. மட்டுமே என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

சேவை மையத்துக்குச் செல்லுமுன் பழைய டயர்களை மாட்டி மாற்றத்தை மறைப்பது சரியான வழியன்று. உரசல் தடங்களும் தேய்மானமும் உண்மையைக் காட்டிவிடும். பின்னர் நியாயமான கோரிக்கையும் நம்பகத்தன்மையை இழக்கும்.

மறுப்பை எழுத்தில் கேட்டுப் பெறுவதே முதல் படி. எந்த பாகம் பழுது, அதற்கும் டயருக்கும் என்ன தொடர்பு, வாரண்டியின் எந்த விதி பொருந்துகிறது என்பவை அதில் இருக்க வேண்டும். ஜாப் கார்டின் நகல், ஒளிப்படங்கள், கழற்றப்பட்ட பாகம் ஆகியவற்றைக் கைவிடக்கூடாது. நிறுவனத்தின் தலைமை அலுவலகம் பதிலளிக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

அடுத்த படி நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். செலுத்திய விலை ரூ.50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். தேவைப்பட்டால் பழுதான பாகத்தை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதேவேளை, தீங்கு நேர்ந்தபோது பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர் மீது பொருள்சார் பொறுப்பு வழக்குத் தொடர முடியாது என்று 87-ஆவது பிரிவு கூறுவதையும் மறக்கலாகாது.

சுருக்கமாகச் சொன்னால், பெரிய டயர் என்ற ஒரே காரணத்தால் வாரண்டி முழுவதும் போய்விடாது. ஆனால் அந்த டயரின் பளுவைச் சுமக்கும் பாகங்களுக்கான உரிமை பலவீனமாகிறது. எந்த அளவு வரை அனுமதி என்பதை மாற்றத்துக்கு முன்பே எழுத்தில் பெற்றவருக்கே, பின்னர் பேசுவதற்குச் சான்று இருக்கும்.