எந்த அம்மை? – அர்ராஸீ முதல் தேனி ஆய்வகம் வரை

கம்பம் பள்ளத்தாக்கில் வெயில் ஏறத் தொடங்கும் மாதங்களில் ஏதேனும் ஒரு தெருவில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சலும் உடலெங்கும் சிவந்த தடிப்பும் காணும். உத்தமபாளையமானாலும் கம்பமானாலும் பெரியகுளமானாலும் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "அம்மை போட்டிருக்கிறது." படுக்கையில் வேப்பிலை பரப்பப்படும். இளநீர் வாங்கி வரப்படும். உறவினர் நலம் விசாரிக்க வருவர். அவர்களுள் கருவுற்ற இளம்பெண் ஒருத்தியும் இருக்கக்கூடும். அது எந்த அம்மை என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதை முதன்முதலில் விரிவாகக் கேட்டு எழுதி வைத்தவர் அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. ஒன்பதாம் நூற்றாண்டில், இன்றைய தெஹ்ரான் நகருக்கு அருகிலுள்ள ரய் என்னும் ஊரில் பிறந்த இவர், ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர். 'கிதாபுல் ஜுதரீ வல் ஹஸ்பா' என்னும் இவரது நூலின் தலைப்பே இரு நோய்களைப் பிரித்து நிறுத்துகிறது: ஜுதரீ என்பது பெரியம்மை, ஹஸ்பா என்பது தட்டம்மை, நம் பக்கத்து வழக்கில் மணல்வாரி. முதுகுவலி பெரியம்மையில் மிகுதி என்றும், மனக்கலக்கமும் குமட்டலும் தட்டம்மையில் மிகுதி என்றும் அவர் நோயாளிகளின் படுக்கையருகே நின்று கண்டு எழுதினார். இந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய மருத்துவர்களால் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. 1848இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

ஆயினும் நோயின் காரணம் பற்றி அர்ராஸீ கொண்டிருந்த கருத்து பிழையானது. திராட்சைச் சாறு நுரைத்துப் பொங்குவதுபோலக் குழந்தையின் இரத்தம் பொங்குவதால் அம்மை வருகிறது என்றே அவர் கருதினார். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் நமக்கு அந்த உவமை எளிதில் புரியும். கண்ணுக்குத் தெரியாத கிருமியை அறியும் கருவி எதுவும் அவர் காலத்தில் இல்லை. கூர்ந்த கண்ணும் பொறுமையும் எவ்வளவு தூரம் செல்ல முடியுமோ, அவ்வளவு தூரம் அவர் சென்றார்.

கண் மட்டும் போதாது என்பதைப் பிற்கால வரலாறு பலமுறை உணர்த்தியது. பெரியம்மையும் சின்னம்மையும் வெவ்வேறானவை என்று லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் தெளிவாக எடுத்துரைத்தது 1767இல்தான். பெரியம்மைக் கொப்புளங்கள் முகத்திலும் கைகால்களிலும் மிகுந்து, ஓரிடத்தில் உள்ளவை அனைத்தும் ஒரே பருவத்தில் இருக்கும். சின்னம்மையிலோ மார்பிலும் முதுகிலும் மிகும். புதியதும் முதிர்ந்ததும் காய்ந்ததும் ஒன்றாகக் காணப்படும். இத்தனை அடையாளங்கள் வகுக்கப்பட்ட பின்னரும் தேர்ந்தவர்கள் தவறினர்.

1977 அக்டோபரில் சோமாலியாவின் மெர்கா நகரில் அலீ மாவ் மாலின் என்னும் இளைஞருக்குக் காய்ச்சல் கண்டது. அவர் மருத்துவமனைச் சமையற்காரர். பெரியம்மை கண்ட இரு குழந்தைகளை ஏற்றிவந்த வண்டிக்கு வழிகாட்டச் சில நிமிடங்கள் மட்டுமே உடன் சென்றிருந்தார். முதலில் மலேரியா என்றனர். தடிப்பு தோன்றியதும் சின்னம்மை என்றனர். உண்மையில் அவரே இயற்கையாகப் பெரியம்மை தொற்றிய உலகின் கடைசி மனிதர். ஊசிக்கு அஞ்சித் தடுப்பூசி போடாமல் தப்பித்து வந்ததாக அவரே பின்னாளில் கூறினார். அந்த வருத்தத்தால் இளம்பிள்ளைவாத ஒழிப்புப் பணியில் சேர்ந்து, தம் நாட்டுத் தாய்மார்களிடம் தம் கதையைச் சொல்லித் தடுப்பூசிக்கு அழைத்தார். 2013இல் அப்பணியில் இருக்கும்போதே மலேரியாவால் இறந்தார்.

இந்தியாவிலும் அக்காலத்தில் ஐயத்துக்கிடமான கொப்புளங்களின் பொருக்குகள் ஆய்வகங்களுக்குச் சென்றன. மின்னணு நுண்ணோக்கியில் பெரியம்மை வைரஸ் செங்கல் வடிவில் தெரியும். கோழிமுட்டையின் உட்சவ்வில் அது வளர்ந்து வெண்புள்ளிகளை உண்டாக்கும். சின்னம்மை வைரஸ் அங்கு வளராது. ஐயங்கள் ஒவ்வொன்றாக இவ்வாறு தீர்க்கப்பட்ட பின்னரே, பெரியம்மை உலகிலிருந்து ஒழிந்தது என்று 1980இல் அறிவிக்க முடிந்தது.

பெரியம்மை போனது. ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றும் சிக்கல் போகவில்லை. இன்று தட்டம்மைக்கு நிகராகத் தோன்றுவது ரூபெல்லா. தட்டம்மையில் கடுங்காய்ச்சலும் இருமலும் கண்சிவப்பும் முந்தி வரும். ரூபெல்லாவில் காய்ச்சல் இலேசானது; காதின் பின்புறம் நெறிகட்டும்; மூன்று நாட்களில் தடிப்பு மறைந்துவிடும். குழந்தை மீண்டும் விளையாடப் போய்விடும். ஆனால் அந்த இலேசான நோய், கருவுற்ற தொடக்க மாதங்களில் இருக்கும் பெண்ணைத் தொற்றினால் கரு சிதையலாம். அல்லது பிறக்கும் குழந்தையின் கண்ணையோ காதையோ இதயத்தையோ தாக்கலாம். 1941இல் சிட்னி நகரக் கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையுடன் வந்த குழந்தைகளின் தாய்மார்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டு இத்தொடர்பைக் கண்டறிந்தார்.

இது எங்கோ நடந்த கதையன்று. 1990களில், தேனி இன்னும் மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்தபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கண்புரையுடன் கொண்டுவரப்பட்ட கைக்குழந்தைகளின் உமிழ்நீரை ஆய்வாளர்கள் சோதித்தனர். ஏறத்தாழ நான்கில் ஒரு குழந்தையிடம் ரூபெல்லாவின் சுவடு இருந்தது. 1996இல் அம்முடிவு வெளியானது. அக்குழந்தைகளின் தாய்மார்களுள் எத்தனை பேர், கருவுற்றிருந்தபோது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தடிப்பை "வெறும் அம்மை" என்று எண்ணியிருப்பர்?

இன்று இதை அறிய ஒரு சிறு குழாய் இரத்தம் போதும். தொற்று ஏற்பட்டதும் உடல் முதலில் உருவாக்கும் எதிர்ப்பொருளை 'ஐஜிஎம்' என்பர். தட்டம்மைக்குரியதும் ரூபெல்லாவுக்குரியதும் வெவ்வேறு. எந்த எதிர்ப்பொருள் இருக்கிறது என்பதை 'எலிசா' சோதனை காட்டும். தடிப்பு தோன்றிய முதல் மூன்று நாட்களில் அது போதிய அளவு உருவாகாதிருக்கலாம். ஆகவே அப்போது 'இல்லை' என்று வரும் முடிவு இறுதியானதன்று. தொடக்க நாட்களில் தொண்டைச் சளியை எடுத்து 'பிசிஆர்' முறையில் வைரஸையே தேடுவதும் உண்டு. 1899இல் பெரியம்மைத் தடுப்புப் பாலுக்காகத் தொடங்கப்பட்ட சென்னை கிண்டியின் கிங் நிலையம், இப்போது தட்டம்மை, ரூபெல்லா சோதனைகளைச் செய்கிறது. நம் மாவட்டத்திலும் க.விலக்கிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியில் வைரஸ் ஆய்வகம் இருக்கிறது. கொரோனாவின் தொடக்க நாட்களில் தமிழ்நாட்டில் சோதனை நடந்த மிகச் சில இடங்களுள் அதுவும் ஒன்று.

2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வழியே அச்சமூட்டும் செய்திகள் பரவின. பெற்றோர் பலர் தயங்கினர். முகாமின் காலத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. நம் சமுதாயத்திலும் அத்தயக்கம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வந்த செய்தியைத் தெளிவு செய்துகொள்ளாமல் நடந்து, அறியாமையால் பிறருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்தும் நிலையைக் குறித்து அல்ஹுஜுராத் அத்தியாயம் நம்மை எச்சரிக்கிறது. கையிலுள்ள கைபேசிக்கு மட்டுமன்று, குழந்தையின் உடலில் தோன்றும் தடிப்புக்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். நோயை இறக்கியவன் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. எந்த நோய் என்று அறியாமல் அம்மருந்தைத் தேடுவது எப்படி?

ஆகவே, காய்ச்சலுடன் தடிப்பு கண்டால் குழந்தையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுவோம். இரத்தம் கேட்டால் மறுக்காதிருப்போம். முடிவு தெரியும்வரை கருவுற்ற பெண்களை அந்த வீட்டிலிருந்து விலக்கி வைப்போம்; ஏற்கெனவே வந்து சென்றிருந்தால் மருத்துவரிடம் அனுப்புவோம். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, ஒன்றரை வயதையொட்டி மற்றொன்று என இரு தவணைத் தடுப்பூசியை அரசு இலவசமாகவே வழங்குகிறது. அதைத் தவறவிடாதிருப்போம். கருவுற்றபின் இத்தடுப்பூசி போடலாகாது என்பதால், சிறு வயதிலேயே போட்டுக்கொள்வது நம் பெண்மக்களுக்கு நாம் செய்யும் கடமையாகும்.

பிறவாத குழந்தையும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே. அதைக் காக்கும் அறிவையும் பொறுப்பையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.