தூண்டிலைத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு



ஆபகூக்கின் முதலாம் அதிகாரத்தின் முடிவில் விசித்திரமான மீன்பிடிகாரன் ஒருவன் வருகிறான். தூண்டிலாலும் வலையாலும் பிடித்து, பிடித்ததைத் தன் பறியிலே சேர்க்கிறான். பறி நிறைந்ததும் அந்த வலைக்கே பலியிட்டு, அந்தப் பறிக்கே தூபங்காட்டுகிறான். ஜாதிகளை மீன்களைப்போல வாரிக்கொண்ட கல்தேயரைக் குறித்தே தீர்க்கதரிசி இதைச் சொல்லுகிறார். ஆயினும் அவர் உவமையை எங்கிருந்து எடுத்தார் என்று சிந்தித்துப் பாருங்கள். நல்ல கருவி கைக்கு வந்ததும் மீனைக் கொடுத்தவரை மறந்து கருவியை மெச்சிக்கொள்ளும் சோதனை மீன் பிடிக்கிறவர்களுக்கு எளிதில் வருவது.

இதை இவ்வாரம் எழுதக் காரணம் உண்டு. நம் சபை வாலிபரில் சிலர் விடுமுறை நாள்களில் கடம்பாகுளத்துக்கும், தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலுக்கும் கோலும் ரீலுமாகப் போய் வருகிறார்கள். ஆராதனைக்குப் பின் ஆலய முற்றத்தில் அவர்கள் பேச்செல்லாம் எந்தக் கோல் சிறந்தது, எந்த ரீல் தூரம் எறியும் என்பதே. பெரியவர்கள் சிலரோ, பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பது விசுவாசிக்குத் தகுமா என்று கேட்கிறார்கள். இரு சாராருக்கும் இந்தக் கருவிகளின் வரலாறு பயன்படும் என்று எண்ணுகிறேன். அவ்வரலாற்றில் திருச்சபைக்கும் சிறிது பங்கு உண்டு.

புதிய ஏற்பாடு மீன்பிடிக் கருவிகளைப் பெயர் பிரித்தே சொல்லுகிறது. பேதுருவும் அந்திரேயாவும் அழைக்கப்பட்டபோது கடலில் போட்டுக்கொண்டிருந்தது கிரேக்கத்தில் 'அம்பிப்ளெஸ்ட்ரான்'. ஒருவர் தனியே வீசும் வட்ட வலை, நம்முடைய வீச்சுவலை. மத்தேயு 13ஆம் அதிகாரத்து உவமையில் வருவது 'சகேனே'; பலர் கூடி இழுக்கும் நீண்ட வலை, நம் கடற்கரையின் கரைவலைக்கு ஒப்பானது. அது நல்லதையும் ஆகாததையும் சேர்த்தே வாரும். பிரிப்பது கரைக்கு வந்தபின்தான். தூண்டிலோ புதிய ஏற்பாடு முழுவதிலும் ஒரே ஒரு முறை, மத்தேயு 17ஆம் அதிகாரத்தில் மட்டும் வருகிறது.

தூண்டிலைக் குறித்து ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்னும் கன்னிமடத் தலைவி எழுதியதாக மரபு கூறும். ஆராய்ச்சியாளர் பலர் ஐயுறுவர். கோலுக்கு எந்த மரத்தை எப்போது வெட்டுவது, குதிரைவால் மயிரைத் திரித்து நீரின் நிறத்துக்கேற்பச் சாயமேற்றுவது எப்படி, ஊசியைக் காய்ச்சி வளைத்து முள் செய்வது எப்படி என்றெல்லாம் நூல் விரித்துரைக்கிறது. இவ்வளவும் சொன்னபின் முடிவில் சில கட்டளைகள் உள்ளன. பிறருடைய நீரில் அனுமதியின்றிப் பிடிக்கலாகாது, வேலியை உடைக்கலாகாது, ஒரே வேளையில் மிகுதியாய் எடுக்கலாகாது, தனித்திருக்கும் நேரத்தில் வழக்கமான ஜெபத்தைச் சொல்ல வேண்டும். கருவியைக் குறித்த நூலின் கடைசிப் பகுதி கருவியைத் தாண்டிப் பேசியது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1653இல் தூண்டிலைப் பற்றிப் புகழ்பெற்ற நூலை வெளியிட்ட ஐசக் வால்டன், ரிச்சர்ட் ஹூக்கர், ஜார்ஜ் ஹெர்பர்ட் ஆகியோரின் வாழ்க்கைகளையும் எழுதிய ஆங்கிலிக்கன் விசுவாசி. இறையியல் கல்லூரியில் ஹூக்கரைப் படித்த நாள்களில், அவர் வரலாற்றை எழுதியவர் தூண்டில்காரர் என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை!

இன்று கடையில் காணும் கருவிகள் பலவற்றின் முன்னோடிகள் அமெரிக்க ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் பாஸ் என்னும் மீனைப் பிடிப்பதற்காகத் திருத்தப்பட்டவை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கென்டக்கியின் பாரிஸ் நகரில் கடிகாரம் செய்துவந்த ஜார்ஜ் ஸ்னைடர், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் உருளை பலமுறை சுற்றும்படி பற்சக்கரம் வைத்த ரீலை உருவாக்கினார். 1881இல் ஜேம்ஸ் ஹென்ஷல் என்னும் மருத்துவர் அந்த மீனைப் பற்றித் தனி நூலே எழுதி, கனத்த நெடுங்கோலை விட்டு இலகுவான குறுங்கோலைக் கைக்கொள்ளச் செய்தார். அக்காலத்தில் அமெரிக்கக் கோல்களுக்கு மூங்கில் கல்கத்தாவிலிருந்தே கப்பலேறியது. சீனத்து மூங்கில் பின்னரே அதன் இடத்தைப் பிடித்தது. 1905இல் பிராட்ஃபோர்டு நகர நெசவாலை முதலாளி ஆல்பிரட் இல்லிங்வொர்த், உருளை சுழலாமல் அதன் முனையிலிருந்து நூல் மட்டும் கழன்று ஓடும் ரீலுக்குக் காப்புரிமை பெற்றார். தூத்துக்குடி ஆலைகளில் நூற்கண்டு கழல்வதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஸ்னைடர் வழிவந்த ரீலில் உருளை முந்தி ஓடினால் நூல் சிக்கிக்கொள்ளும்; இல்லிங்வொர்த் வழிவந்ததில் அத்தொல்லை குறைவு. புதிதாய்த் தொடங்குகிறவருக்கு இரண்டாவதே தகும்.

நம் நாட்டுக்கு வருவோம். ஹென்றி சல்லிவன் தாமஸ் மதராஸ் மாகாணத்தின் சிவில் அதிகாரி. தென் கன்னடத்தில் பணியாற்றியபோது இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைக் குறித்து அவர் எழுதிய நூல் 1873இல் மங்களூரில், பாசல் மிஷன் அச்சகத்தில் அச்சாயிற்று. வேதாகமப் பகுதிகளும் துண்டுப் பிரதிகளும் வெளிவந்த அச்சகம் அது. 1887இல் குளங்களில் தூண்டில் போடுவதைக் குறித்தும் தனி நூல் தந்தார். இங்கிலாந்திலிருந்து கொண்டுவரும் முள்ளை மகசீர் மீன் வாயாலேயே நசுக்கிவிடும், முதல் ஓட்டத்திலேயே நெடுந்தூரம் நூலை இழுத்துச் செல்லும் என்று எச்சரித்து, அதற்கேற்ற கருவியை ஒவ்வொன்றாய் ஒப்பிட்டுச் சொல்லுகிறார். ஆனால் அதே மனிதர் மீன்குஞ்சுகள் வகைதொகையின்றி அழிக்கப்படுவதைக் குறித்தும் விடாமல் எழுதினார். இந்திய நன்னீர் மீன்வளத்தைப் பற்றி பிரான்சிஸ் டே தம் அறிக்கையைத் தந்ததும் 1873இல்தான். 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் வெடியாலும் நஞ்சாலும் மீன் பிடிப்பதைத் தடைசெய்தது.

பிற்பாடு, தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்புக்கு மேற்பார்வையாளராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல், மாகாணக் கடற்கரை மக்களின் வலைகளையும் தூண்டில்களையும் விரிவாகப் பதிவு செய்தார். அவர் பதிவு செய்த கருவிகள் வீட்டு அடுப்பை எரியவைத்தவை. கோலோடு கடற்கரைக்குப் போகிறவர் இதை மறக்கலாகாது. சில ரீல்களின் விலை, வள்ளத்தில் போய்க் கைத்தூண்டில் போடும் ஒருவரின் பல நாள் வருமானம். அவர் விரித்த வலையில் உங்கள் முள் மாட்டினால் நூலை நீங்கள் வெட்டுங்கள்; வலையை வெட்டாதீர்கள்.

முகத்துவாரத்தில் நம் வாலிபர் தேடுவது கொடுவாவை. ஆங்கிலத்தில் இதையும் ஒருவகை பாஸ் என்றே அழைக்கிறார்கள். அதன் செவுள்மூடியின் விளிம்பு கத்திபோன்றது. எனவே நூல் எதுவானாலும் முனையில் தடித்த தங்கூசி நரம்பு கட்டவேண்டும். பின்னிய நூல் நீளாது, சிறு கடியும் கைக்குத் தெரியும். தங்கூசி சற்று நீண்டு கொடுத்துப் பிழையைப் பொறுக்கும். கோல் மிக விறைப்பாயிருந்தால் மீனின் வாய் கிழியும். மிக வளைந்தால் மரவேரிலும் பாறையிலும் புகுந்துகொள்ளும். நடுத்தரமானது போதும். இவற்றைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு: கொடுவா முதலில் ஆணாக முதிர்ந்து, பல ஆண்டுகள் சென்று பருத்தபின் பெண்ணாக மாறும் மீன். நீங்கள் படமெடுக்க ஆசைப்படும் அந்தப் பெரிய கொடுவா பெரும்பாலும் சினைக்குரிய தாய். அதைத் திரும்ப விட மனமிருந்தால், வாயின் ஓரத்தில் மட்டும் மாட்டும் வட்டமுள்ளை வாங்குங்கள். நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீன் சில தப்பிப்போகும். சமைக்கப் போகும் மீனை எடுத்துவர நான் தடை சொல்லவில்லை. ஆண்டவர் தாமே கரையில் மீன் சுட்டுப் பரிமாறினவர்.

பெரியவர்களின் கேள்விக்கு மத்தேயு 17ஐயே காட்டுகிறேன். வலைத்தொழிலில் வளர்ந்த பேதுருவை ஆண்டவர் ஒரு தூண்டிலோடு கடலுக்கு அனுப்புகிறார். முதலாவது அகப்படும் மீன் ஒன்றே போதும் என்கிறார். அதன் வாயில் இருப்பதாகச் சொன்ன வெள்ளிக்காசு நான்கு திராக்மா மதிப்புள்ளது. ஆலய வரி ஆளுக்கு இரண்டு திராக்மா. இருவருக்கும் சரியாக இருந்தது, மீதியில்லை. பேதுரு போனதையோ, மீனைப் பிடித்ததையோ மத்தேயு எழுதவே இல்லை.