லுபேனி: ஒரு சுரங்க நகரின் இரு வேலைநிறுத்தங்கள்

ருமேனியாவின் தெற்குக் கார்பாத்திய மலைகளுக்கிடையே, ஜியு பள்ளத்தாக்கில் அமைந்த சிறுநகரம் லுபேனி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாப்ஸ்பர்க் ஆட்சியின்கீழ் அங்கு நிலக்கரிச் சுரங்கங்கள் திறக்கப்பட்டன. மலைச்சிற்றூர் பல மொழியினர் கூடிய தொழிலாளர் ஊராயிற்று. அதன் பொருளாதாரம் முழுவதும் ஒரே கனிமத்தைச் சார்ந்தது.

1929 ஆகஸ்டில் கூலி உயர்வும் எட்டு மணிநேர வேலையும் கோரித் தொழிலாளர்கள் மின்நிலையத்தைக் கைப்பற்றினர். படையினர் சுட்டதில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பின்னர் வந்த பொதுவுடைமை அரசு அவர்களைத் தியாகிகளாகப் போற்றியது. 1962இல் 'லுபேனி 29' என்னும் திரைப்படமும் வெளிவந்தது.

அதே அரசு 1977இல் சுரங்கத் தொழிலாளரின் ஓய்வு வயதை 50இலிருந்து 55ஆக உயர்த்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில் லுபேனியில் மீண்டும் வேலைநிறுத்தம் மூண்டது. சௌசெஸ்கு நேரில் வந்து கோரிக்கைகளை ஏற்பதாக வாக்களித்தார். கூட்டம் கலைந்தபின் முன்னணியினர் பலர் பிற மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். நாளிதழ்கள் அந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

இரு போராட்டங்களின் கேள்வியும் ஒன்றே: மனித உடல் நிலத்தடியில் எவ்வளவு காலம் உழைக்க வேண்டும்? முதலாளியக் காலத்தில் கேட்கப்பட்டபோது அது வீரம். தொழிலாளர் பெயரால் ஆண்டவர்களிடம் கேட்கப்பட்டபோது குற்றம்.

1997இல் இழப்பீட்டுத் தொகையுடன் பல்லாயிரவர் பள்ளத்தாக்கின் சுரங்கங்களை விட்டு வெளியேறினர். வேறு தொழில் வளராத ஊரில் அத்தொகை நெடுநாள் நிலைக்கவில்லை. இன்று ஜியு பள்ளத்தாக்குச் சுரங்கத் தொழிலாளர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1990இல் புகாரெஸ்டில் அவர்கள் நிகழ்த்திய வன்முறையே. அவ்வன்முறையை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் 1977ஐ விடுத்து அவர்தம் வரலாற்றை எழுதினால், அன்றைய அரசின் தணிக்கையை நாமே தொடர்ந்தவர்களாவோம்.