தூங்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம்தான் இருக்கா? குழந்தையோடு அதை இப்படிச் செலவிடலாம்!

இரவு மணி 8. ட்ராஃபிக்கில் நீந்தி வீட்டுக்குள் கால் வைக்கிறீர்கள். 9 மணிக்குக் குழந்தை தூங்கியாக வேண்டும். அப்போதுதான் காலையில் ஸ்கூல் வேன் வருவதற்குள் எழுப்ப முடியும். இடையில் இருப்பது ஒரே ஒரு மணி நேரம். அதற்குள் குளிக்க வைத்து, சாப்பாடு கொடுத்து, ஹோம்வொர்க் பார்த்து, பல் தேய்த்துவிட்டு... 'இதுல குழந்தையோட உட்கார்ந்து பேச எங்கேங்க நேரம்?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான்.

அதனாலேயே பலரும் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைக்கிறோம். மால், பீச், சினிமா என்று ஒரே நாளில் வாரம் முழுவதற்கும் ஈடுகட்டப் பார்க்கிறோம். ஆனால், 2 வயது, 4 வயதுக் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது ரொம்ப தூரம். அதற்குத் தெரிந்தது 'இப்போ' மட்டும்தான். கவலை வேண்டாம், புதுசா நேரம் தேட வேண்டியதில்லை. குளியல், சாப்பாடு, தூக்கம் என்று ஏற்கெனவே அதோடு செலவாகிற அந்த ஒரு மணி நேரத்திலேயே விஷயம் இருக்கிறது.

குழந்தை எதிர்பார்ப்பது என்ன?

குழந்தை எதையோ காட்டுகிறது, கேட்கிறது, சிரிக்கிறது. நீங்கள் அதற்குப் பதில் கொடுக்கிறீர்கள். அவ்வளவுதான். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கும் குழந்தை வளர்ச்சி மையம், இதை டென்னிஸ் ஆட்டத்தோடு ஒப்பிடுகிறது. குழந்தை பந்தைப் போட, பெரியவர் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போதுதான் குழந்தையின் மூளையில் நரம்பு இணைப்புகள் வலுவாகின்றன.

பந்து திரும்பி வராவிட்டால்? 1970-களில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ட்ரோனிக் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும் அம்மா, திடீரென்று சில நிமிடங்கள் முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார வேண்டும். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது. கையை நீட்டியது, சத்தம் போட்டது. எதற்குமே பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. இத்தனைக்கும் அம்மா எதிரிலேயேதான் இருந்தார்! போனைப் பார்த்துக்கொண்டே 'ம்... சொல்லு' என்கிறோமே, அப்போது நம் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் 10 நிமிடம்

செருப்பைக் கழற்றி, கை கால் கழுவியதும், போனை சார்ஜில் போட்டுவிடுங்கள். சமையலறைக்குப் போகும் முன், துணி மாற்றும் முன், 10 நிமிடம் தரையில் உட்காருங்கள். குழந்தை எதை வைத்து விளையாடுகிறதோ, அதையே நீங்களும் விளையாடுங்கள். 'இது என்ன கலர்? ஏ ஃபார்?' என்று பரீட்சை வைக்க வேண்டாம். அது காரை வானத்தில் ஓட்டினால் நீங்களும் ஓட்டுங்கள். நாள் முழுக்க உங்களுக்காகக் காத்திருந்த குழந்தைக்கு இந்த 10 நிமிடம் கிடைத்துவிட்டால், அதன்பிறகு காலைக் கட்டிக்கொண்டு அழுவது பெரும்பாலும் குறையும்.

கிச்சனில் ஒரு குட்டி அசிஸ்டென்ட்

'நீ போய் டிவி பாரு, நான் வேலையை முடிச்சிட்டு வர்றேன்' என்பதற்குப் பதிலாக ஒரு வேலை கொடுங்கள்.

* 2 வயதில்: கீரையை உருவலாம், கறிவேப்பிலை ஆயலாம், வெங்காயத்தைக் கூடையிலிருந்து எடுத்துத் தரலாம்.
* 3 வயதில்: டம்ளர்களை எடுத்து வைக்கலாம், சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையை வாங்கிப் பாம்பு செய்யலாம்.
* 4, 5 வயதில்: சாப்பிடத் தட்டு வைக்கலாம், வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணித் தண்ணீர் வைக்கலாம், துவைத்த துணியில் யாருடையது எது என்று பிரிக்கலாம்.

வேலை இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், மாவு தரையெல்லாம் கொட்டும். பரவாயில்லை. ஆனால் அடுப்பு, கத்தி, சூடான குக்கர் பக்கம் விடாதீர்கள். சின்னக் குழந்தைகள் கையில் வேர்க்கடலை, பட்டாணி போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்து.

'ஒண்ணும் நடக்கல' என்ற பதில் வராமல் இருக்க...

ராத்திரிச் சாப்பாடு மட்டுமாவது எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள். டிவி, போன் இரண்டுக்கும் அப்போது லீவு. 'ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?' என்று கேட்டால், 'ஒண்ணுமில்ல' என்றுதான் பதில் வரும். கேள்வி ரொம்பப் பெரிசு! 'இன்னிக்கு பக்கத்துல யாரு உட்கார்ந்தா?', 'யாராவது அழுதாங்களா?', 'டிபன் பாக்ஸ்ல எதை மிச்சம் வெச்சே?' என்று சின்னதாகக் கேளுங்கள். உங்கள் கதையையும் சொல்லுங்கள். 'இன்னிக்கு எங்க ஆபீஸ்ல லிஃப்ட் நின்னுடுச்சு' என்று நீங்கள் ஆரம்பித்தால், அதுவும் ஒரு கதையோடு வரும்.

மொட்டை மாடி இருந்தால் மாதம் ஒருமுறை பௌர்ணமியன்று தட்டோடு மேலே போங்கள். நிலாச்சோறுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

தூங்கும் முன் ஒரு கதை

நல்ல கதைசொல்லியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்த கதையே சூப்பர் ஹிட் ஆகும். ஒரே கதையைப் பத்து நாள் கேட்டால் சலிக்காமல் சொல்லுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் அவர்களுக்குச் சந்தோஷம். கதைக்குப் பஞ்சம் வந்தால், பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பெரிய நூலகங்களில் குழந்தைகளுக்கென்றே தனிப்பிரிவு இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் என ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகலாம்.

போன் எவ்வளவு நேரம்?

2019-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 2 வயது நிறையும் வரை திரை பார்க்கவே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தைகள் நல மருத்துவர்களின் அமைப்பான ஐ.ஏ.பி-யும் 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. ஆனால், சொந்தக்காரர்களோடு எப்போதாவது வீடியோ காலில் பேச விலக்கு உண்டு.

அப்பா துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகளுக்கு இது முக்கியமான விஷயம். 'அப்பாவுக்கு ஹாய் சொல்லு, முத்தா குடு' என்பதோடு காலை முடித்துவிடாதீர்கள். அந்தப் பக்கம் அப்பா சாப்பிட, இந்தப் பக்கம் குழந்தை சாப்பிடலாம். குழந்தை வரைந்ததைக் காட்ட, அப்பா அதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்கலாம். தூங்குவதற்கு முன் கதை சொல்வது அப்பாவின் வேலையாகவே இருக்கட்டும்.

எல்லாம் அம்மா தலையிலா?

மேலே சொன்ன எல்லாவற்றையும் அம்மாவே செய்ய வேண்டும் என்றால், அது இன்னொரு வேலைப்பட்டியல்தான். பிரித்துக்கொள்ளுங்கள். குளியல் அப்பாவுடையது, கதை அம்மாவுடையது, காலையில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது தாத்தாவுடையது என்று ஆளுக்கொன்று நிரந்தரமாக இருக்கட்டும். 'இது எனக்கும் அப்பாவுக்கும் உள்ள நேரம்' என்பது குழந்தைக்குப் பெரிய சொத்து.

முடியாத நாட்களில்...

தலைவலி, டெட்லைன், மூடு சரியில்லை... எல்லாம் வரும். ட்ரோனிக் பின்னாளில் சொன்னது இங்கே ஆறுதலான விஷயம்: பாசமான அம்மாவும் குழந்தையும்கூடப் பாதி நேரத்துக்கு மேல் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவதில்லை. விட்டுப்போனதைத் திரும்பச் சேர்த்துக்கொள்வதுதான் முக்கியம். எனவே கத்திவிட்டால், அரை மணி நேரம் கழித்துப் போய், 'அம்மா கோபத்துல கத்திட்டேன், ஸாரிடா கண்ணா' என்று கட்டிக்கொள்ளுங்கள். 'இப்போ ரொம்ப டயர்டா இருக்கு, 10 நிமிஷம் கழிச்சு வர்றேன்' என்று சொன்னால், சொன்னபடி போய் நில்லுங்கள்.

எல்லாவற்றையும் இன்றைக்கே ஆரம்பிக்க வேண்டாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு வாரம் விடாமல் செய்யுங்கள். எட்டாவது நாள் நீங்கள் மறந்தால்கூட, குட்டி வந்து கையைப் பிடித்து இழுக்கும்!