சிறைவீடும் வாழ்வளிப்பும்

சிறைக்கதவைத் திறந்துவிடுதல் ஒரு செயல். வெளிவந்தவனை ஊரும் தொழிலும் உடையவனாக மீண்டும் நிலைநிறுத்துதல் பிறிதொரு செயல். முன்னதைச் சிறைவீடு என்றும் பின்னதை வாழ்வளிப்பு என்றும் யாம் ஈண்டு வழங்குவோம். இவ்வேறுபாட்டை இரட்டைக் காப்பியங்கள் எத்துணை அறிந்திருந்தன என்பதே இக்கட்டுரையின் ஆராய்ச்சி.

வேந்தர் தம் நன்னாளில் சிறையோரை விடுத்தல் பண்டை வழக்கு. அவ்விடுதலை எல்லார்க்கும் பொது. விடப்படுவோன் யாவன், அவனுக்கு வேண்டுவது யாது என்னும் வினா அங்கு எழுவதில்லை. சிலப்பதிகாரக் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு உரைக்கும் வார்த்திகன் வரலாறோ இதனின் வேறுபட்டது. தங்கால் என்னும் ஊரில் வார்த்திகனின் இளம்புதல்வன் பராசரன் என்னும் அந்தணனிடம் அணிகலன்களைப் பரிசாகப் பெற்றான். அவற்றைக் கண்ட அரசு பணியாளர், புதையலைக் கவர்ந்தான் என்று தந்தையைச் சிறையிட்டனர். அவன் மனைவி கார்த்திகை அழுது அரற்றினாள். ஐயை கோயிற் கதவம் திறவாதாயிற்று. அதனால் முறை பிழைத்தமையை உணர்ந்தான் பாண்டியன்.

அவன் செய்தவை நான்கு. வார்த்திகனிடம் பிழை பொறுக்குமாறு வேண்டினான். தங்காலையும் வயலூரையும் அவனுக்கு அளித்தான். சிறைகளைத் திறக்கவும் இறைக்கடனை நீக்கவும் ஆணையிட்டான். பிறர் கொடுத்த பொருளும் கிடைத்த புதையலும் பெற்றவர்க்கே உரியன என முரசறைவித்தான். முதலிரண்டும் ஒருவனை நோக்கியவை. மூன்றாவது எல்லார்க்கும் பொது. நான்காவது, பிழைக்குக் காரணமான முறையையே திருத்தியது. வாழ்வளிப்பு என்பதற்கு இதனினும் நிறைவான சான்று நம் பழைய நூல்களில் அரிது.

எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. வார்த்திகன் குற்றமற்றவன். அன்று திறந்த சிறைகளினின்று வெளிவந்த ஏனையோர் எங்குச் சென்றனர், எதனை உண்டனர் என்று காப்பியம் கூறவில்லை. நிலம் பெற்றவன் குற்றமிலான். குற்றமுடையான் பெற்றது கதவின் திறப்பு மட்டுமே.

இக்குறையை நிரப்புவது மணிமேகலை. காயசண்டிகை வடிவில் சிறைக்கோட்டம் புகுந்த மணிமேகலை, அமுதசுரபியால் ஆங்கிருந்தோர் பசி தீர்த்தாள். அவர் செய்த குற்றம் யாது என அவள் வினவவில்லை. வேண்டுவது யாது என மன்னன் வினவியபோது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்குமாறு கேட்டுப் பெற்றாள். இது பத்தொன்பதாம் காதை. ஆயினும் சில காதைகள் கழிந்தபின் அவளே சிறைப்படுகிறாள். கட்டடம் மாறியது; சிறையிடும் மனம் மாறவில்லை. நூலாசிரியர் இதனை உணர்ந்தே அமைத்தார் என்பது எம் துணிபு.

இக்காலச் சட்டத்திலும் இதே பிளவு உண்டு. சென்னை மாகாணத்தில் 1936-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டமும், பின்னர் இந்தியா முழுமைக்குமாக 1958-ஆம் ஆண்டின் சட்டமும் தோன்றின. பின்னதன் 14-ஆம் பிரிவு, தம் மேற்பார்வையில் உள்ளோர்க்குத் தக்க வேலை தேடித்தர முயலுதலை நன்னடத்தை அலுவலரின் கடமையாக்குகிறது. 12-ஆம் பிரிவு, எச்சரித்தோ நன்னடத்தையின் பேரிலோ விடப்பட்டோர்க்குத் தண்டனைத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு நேராதவாறு காக்கிறது. ஆனால் இக்காப்பு சிறை புகாதவர்க்கே. தண்டனைக் காலம் முழுதும் கழித்து வருவோன் அவ்வரம்புக்கு வெளியே நிற்கிறான். 1980-இல் அமைந்த முல்லா குழு 1983-இல் அளித்த அறிக்கையில், விடுதலைக்குப் பிந்திய பராமரிப்பை வலியுறுத்தியதும் இது பற்றியே.

மணிமேகலை இறுதியில் சென்றடைந்து பசி தீர்த்த ஊர் காஞ்சி. அதன் பெயர் தாங்கிய மாவட்டத்தில், ஒரகடத்தை அடுத்துள்ளது வடக்குப்பட்டு. 2022-இல் தொல்லியல் அகழாய்வு நிகழ்ந்த இவ்வூரைச் சுற்றி இன்று தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. புழல் சிறையினின்று மீண்ட இளைஞன் ஒருவன் இவ்வாயில்களுள் ஒன்றில் நிற்பதாகக் கொள்வோம். காவல்துறைச் சான்று எங்கே என்பதே அவன் முதலில் எதிர்கொள்ளக் கூடிய வினா. அவன் குடும்பம் எங்குளது, கற்ற தொழில் யாது, இன்றிரவு தங்குமிடம் எது என்னும் வினாக்களைக் கேட்பார் ஒருவரும் இலராயின், அவன் பெற்றது சிறைவீடு மட்டுமே.

ஆளறிந்து, அவன் இழந்தது அறிந்து உதவுதல் பிறநாட்டார் கண்ட புதுமுறை அன்று. பாண்டியன் தங்காலில் செய்ததே அது. அதனைக் குற்றமிலானுக்கு மட்டும் உரியதாக நிறுத்தாது, குற்றம் செய்து தண்டனை முடித்தானுக்கும் உரியதாக்குதலே நாம் இனிச் செய்யவேண்டுவது. அதற்கு வழிகாட்டி, குற்றம் வினவாது அமுதளித்த மணிமேகலையே ஆவாள்.