காற்றுலையும் கணிப்பொறியும்

அம்பாறைக் கரையோரத்துச் சாகாமம் முதலிய ஊர்களில், ஆண்டின் நடுப்பகுதியிலே மேற்கிலிருந்து வீசும் வறண்ட வெங்காற்றைக் கச்சான் என்பர். தென்மேற்குப் பருவக்காற்றே மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் மழையைச் சொரிந்து, ஈரம் வற்றிக் கீழ்க்கரையிற் கச்சானாகிறது. குளத்து நீரை வற்றச் செய்யும் அதே பருவக்காற்று, முன்னாளில் மலைநாட்டின் தென்விளிம்பில் இரும்புலைகளை மூட்டிற்று என்பது அறியத்தக்கது.

பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவையில், நீர்த்தேக்கம் அமைக்கப்பட்ட காலத்தை ஒட்டி ஆய்வு செய்த ஜில்லியன் ஜூலெவ் என்னும் அம்மையார், மேற்கு நோக்கிய குன்றுச் சரிவுகளிலே பழைய உலைகள் பலவற்றைக் கண்டார். அவை கி. பி. முதலாயிரம் ஆண்டுக் காலத்துக்குரியவை. துருத்தியின்றிக் காற்றினால் மட்டும் எஃகு விளையுமோ என்னும் ஐயம் எழுந்தது. 1994இல் அவ்வகை உலையை மீளக் கட்டி இயக்கினர். கரிமம் மிக்க எஃகு விளைந்தது. அம்முடிபு 1996இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.

எனினும், உலையுட் காற்று சென்ற வழியைக் கண்ணாற் காண்டல் அரிது. பாய்மங்களின் இயக்கத்தை விளக்கும் சமன்பாடுகளை நேவியர் 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் வகுத்தனர். அவற்றைக் கையாற் கணித்துத் தீர்த்தல் பெரும்பாலும் இயலாது. ஆதலின், காற்றுவெளியைச் சிறுசிறு அறைகளாகப் பகுத்துக் கணிப்பொறி கொண்டு தீர்ப்பர். டேபர், மொலினாரி, ஜூலெவ் ஆகிய மூவர் இம்முறையாற் சமனலவெவை உலையை ஆராய்ந்து, 2005இல் முடிபை வெளியிட்டனர். சரிவேறி வரும் காற்று முன்சுவரின் உச்சியைக் கடக்குங்கால் அங்கே அழுத்தம் குறைகிறது. அக்குறைவே சுவரின் அடித்துளைகள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறது.

இம்மூவருள் டேபர், 1998இல் ‘ஃபோம்’ என்னும் கணிப்பு மென்பொருளின் அமைப்பை விளக்கிய கட்டுரையின் ஆசிரியர் நால்வருள்ளும் ஒருவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியிலே தோன்றிய அம்மென்பொருள், 2004இல் ‘ஓப்பன்ஃபோம்’ என்னும் பெயருடன் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. அதன் மூலநிரலை யாவரும் விலையின்றிப் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம்.

வரலாற்று முடிபு ஒன்று பிறரால் மீளச் சோதிக்கப்படும்போதே வலிமை பெறும். பெருவிலை மென்பொருள் பெரும்பாலும் செல்வமுள்ள கலைக்கூடங்களுக்கே எட்டும். திறந்த கருவியோ, கணிப்பொறியும் கணித அறிவும் முயற்சியும் உடைய சாகாமத்து மாணவனுக்கும் எட்டும். தன் ஊரிற் கச்சானாய் வீசும் காற்று முன்னோரின் உலையை இயக்கிய விதத்தை அவன் தானே கணித்துக் காணலாம். முன்னோர் திறனைப் புகழ்தல் எளிது. அதனைச் சோதித்து அறிதலே அவர்க்குச் செய்யும் மெய்யான சிறப்பாகும்.