ஒரு ஆஞ்சியோ சிடியும் பழைய கம்ப்யூட்டர் ரூமும்

 

போன வாரம் மாமல்லபுரத்துல இருந்து ஒரு பெரியவர் வந்தார். கல் சிற்ப வேலை. படியேறினா நெஞ்சை அடைக்குதுன்னார். 2008ல் ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வெச்சிருக்காங்க. எந்த ரத்தக்குழாய்ல? அவருக்குத் தெரியல. டிஸ்சார்ஜ் சம்மரி 2015 மழையில் நனைஞ்சு கூழாகிடுச்சு. மஞ்சப்பையில இருந்து ஒரு சிடியை மட்டும் எடுத்து நீட்டினார்.

என் லேப்டாப்ல சிடி போட இடமே கிடையாது. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டா, கரகரன்னு சுத்திட்டு காலித் தட்டுன்னு சொல்லுது.

"நாங்க செதுக்குற கல்லு 1300 வருஷமா நிக்குது டாக்டர். இது இருபது வருஷம்கூடத் தாங்கலையே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரல. இதே மாதிரி நூத்துக்கணக்கான தட்டுகளை எழுதிக் குவிச்சவன் நான்.

2000களின் தொடக்கத்தில் செங்கல்பட்டு பக்கம் ஹாஸ்டலில் இருந்தவங்களுக்கு இது புரியும். கம்ப்யூட்டர் ரூமில் எட்டு மெஷின். அதில் ஒண்ணுலதான் 'ரைட்டர்'. யாரும் எரிக்கிறதுன்னு சொல்ல மாட்டோம், "மச்சி, ஒரு சிடி ரைட் பண்ணிக் குடுடா" தான். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வரிசை நிக்கும்.

8 மடங்கு வேகத்துல 700 எம்பி நிரம்பப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் மௌஸை யாரும் தொடக்கூடாது. லேசருக்குத் தகவல் இடைவிடாமல் போய்க்கிட்டே இருக்கணும். நடுவுல எவனாவது வேற ஏதாவது திறந்தா ஓட்டம் அறுந்துடும், தட்டு காலி. அது டீ டம்ளருக்கு அடித்தட்டாகிடும். 2000லேயே சான்யோ கம்பெனி இதுக்கு ஒரு தீர்வு கொண்டுவந்துடுச்சு. எங்க டிரைவ் அதுக்கும் மூத்தது!

மென்பொருள் பேரு நீரோ பர்னிங் ராம். ரோம் எரிஞ்சப்போ பிடில் வாசிச்சதா சொல்வாங்களே, அந்த நீரோ. ஐகானில் கொலோசியம் பத்தி எரியும்.

என்ன எழுதினோம்? இதய முணுமுணுப்பு ஒலிகள், செமினார் ஸ்லைடு, எம்பி3 பாட்டு. ஒளிக்காமல் சொல்லணும்னா, படங்களும்தான். 2004ல் தமிழ்நாடு அரசு குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களையும் சேர்த்தப்போ எங்க ரூம் ஒரு வாரம் ரொம்ப அமைதியா இருந்தது. நியாயமா காப்பி அடிச்சதும் உண்டு. 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசத் தமிழ் மென்பொருள் சிடி. எழுத்துருக்கள், ஓப்பன் ஆபீஸ், பயர்பாக்ஸ் எல்லாம் அதில் இருந்தது. கம்ப்யூட்டரில் நான் தமிழ் தட்டப் பழகினதே அதுலதான்.

நாங்க நினைச்சது, தட்டுல போட்டாச்சுன்னா நிரந்தரம்னு. தப்பு.

கடையில் வாங்குற பாட்டு சிடியில் தகவல் பள்ளமா அச்சாகி இருக்கும். நாம எழுதுற சிடி-ஆர் வேற. 1988ல் ஜப்பானின் தாய்யோ யூடன் கொண்டுவந்தது. அதில் இருப்பது ஒரு மெல்லிய சாயப் பூச்சு. லேசர் அதைச் சூடாக்கி நிறம் மாத்துது, அவ்வளவுதான். வெயில், சூடு, புழுக்கம் பட்டா சாயம் வெளுக்கும். மேல இருக்குற வெள்ளிப் பூச்சும் அரிக்கும். நம்ம கடற்கரை ஊர்ல கேக்கவே வேண்டாம்.

இன்னொண்ணு: பளபளன்னு இருக்குற அடிப்பக்கத்தைத்தான் நாம பொத்திப் பொத்தி வெச்சோம். உண்மையில் பலவீனமானது பேர் எழுதுற மேல்பக்கம். அந்தப் பூச்சுக்கு மேல வெறும் வார்னிஷ்தான். பெரியவரோட சிடியில் யாரோ பால்பாயின்ட் பேனாவால அழுத்தி அவர் பேரை எழுதியிருந்தாங்க.

ஆஞ்சியோ இதுக்குள்ள எப்படி வந்தது? முன்னாடி 35 எம்எம் பிலிம்லதான் எடுப்பாங்க, சினிமா மாதிரியே. 1990களின் நடுவில் டைகாம் என்ற பொது வடிவம் வந்து, சிடி-ஆரைப் பரிமாற்றத் தட்டா ஏத்துக்கிட்டாங்க. மலிவு, எங்கேயும் ஓடும். அன்னிக்கு அது சரியான முடிவுதான். நொய்டாவில் சிடி-ஆரைக் கோடிக்கணக்கில் தயாரிச்ச மோசர் பேயர் 2018ல் கலைக்கப்படும்னு யார் கண்டது?

பெரியவர் கதைக்கு வர்றேன். நண்பன் ஒருத்தன் பரண்ல இருந்து பழைய டிவிடி ரைட்டரை எடுத்துட்டு வந்தான். ஒரு ராத்திரி முழுக்க மெதுவா ஓடி, பாதிக்கு மேல படிச்சது. முன்பக்க முக்கியக் குழாயில், எல்ஏடியில், ஸ்டென்ட் தெளிவா தெரிஞ்சது. மறு ஆஞ்சியோவுக்கு அனுப்பியிருக்கேன்.

உங்க வீட்டு பீரோவிலும் அப்பா, அம்மாவோட சிடி இருக்கும். இந்த வாரமே எடுங்க. டிரைவ் இருக்குற கடையில் கொடுத்து, உள்ளே இருக்குற எல்லா ஃபோல்டரையும் அப்படியே காப்பி பண்ணச் சொல்லுங்க. டைகாம்டிர் என்ற ஃபைலையும் விட்டுடாதீங்க. ரெண்டு இடத்துல வைங்க. திரையை மொபைல்ல வீடியோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினா எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.